பேப்பர் மாமாவின் மான நஷ்டம்

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பேப்பர் மாமா என்றால்தான் தெரியும். மதராஸிலிருந்து வரும் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குத் திருவனந்தபுரத்து நிருபர். நான் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த புதிதில், எதிர்வீட்டு வாசலில் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவரைக் காட்டி என் மாமியார் சொன்னாள்: "அந்த மாமாகிட்டே எதை வேணுன்னாலும் சொல்லலாம். அவர்கிட்டேருந்து ஒண்ணையும் வாங்க முடியாது, கேட்டியா." புகழ்ச்சி மாதிரிதான் சொன்னாள், ஆனால் உள்ளே எரிச்சல் இருந்தது. வாங்கப் பார்த்துத் தோற்றவர்களில் அவளும் ஒருத்தி.

தெருவில் எல்லோரும் ஒரு முறையாவது முயற்சி செய்திருக்கிறார்கள். பத்திரிகையில் எந்த அதிகாரிக்கு மாற்றல், எந்தப் பாலத்தில் விரிசல் என்று வந்தாலும் எங்களுக்கு அந்த அதிகாரியும் வேண்டாம், பாலமும் வேண்டாம். அதை இவரிடம் யார் சொன்னது என்று தெரிந்தாக வேண்டும். என் மாமியார் அடையும் அவியலும் பண்ணி அவரைக் கூப்பிட்டு உட்கார்த்தி வைத்து, மூன்றாவது அடை போடும்போது மெதுவாகக் கேட்பாள். அவர் அவியலைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, தயிர் இன்று சரியான புளிப்பு என்பார். அடுத்த அடைக்குக் கையைக் குறுக்கே நீட்டிவிடுவார். கூப்பிட்ட காரியம் ஆகவில்லையே என்று மாமியாருக்கு இரண்டு நாள் தலைவலி.

சேதி கேட்கும்போது குனிந்த தலை நிமிராது. சொல்கிறவர் முகத்தையே பார்க்க மாட்டார். சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: கண்ணாலே பார்த்தேளா, காதாலே கேட்டேளா? காதால் என்றால், கண்ணால் பார்த்தவரைத் தேடிக்கொண்டு குடையோடு கிளம்பிவிடுவார். பார்த்தவர் அகப்படாவிட்டால் அந்தச் சேதி அச்சுக்குப் போகாது. இதனால் அவருடைய பத்திரிகையில் எல்லாமே மற்றவற்றைவிட ஒரு நாள் தாமதமாக வரும். ஆனால் வந்தால் யாரும் மறுத்ததில்லை.

அவர் வாயைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவமே உண்டு. வந்த முதல் வருஷம் மாமியாரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஒரு நாள் மத்தியானம், கோவிலுக்கு என்று சொல்லிவிட்டு நேரே தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். திருநெல்வேலி ரயிலுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்த பெஞ்சில் பேப்பர் மாமா. யாரோ பெரிய மனிதர் வந்து இறங்குவதை எழுத வந்திருந்தார் போலிருக்கிறது. என்னைப் பார்த்தார். எங்கே போகிறாய், யாரோடு போகிறாய் என்று எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெரிய மனிதர் வந்து மாலை போட்டுக்கொண்டு போயாயிற்று, இவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். என் ரயில் வந்தது, நின்றது, போயிற்று. எனக்கு ஏறத் தைரியம் வரவில்லை. நான் எழுந்து நடந்தபோது அவரும் எழுந்து, தெருமுனை வரை பின்னால் தூரமாகவே வந்தார். அன்றைக்கோ அதற்குப் பிறகோ அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, என்னிடம்கூட. அப்படி ஒரு மனுஷரைத்தான் அந்தக் கான்ட்ராக்டர் போலீஸின் ஆள் என்றான்.

அந்தக் கான்ட்ராக்டர் நாஞ்சில் நாட்டுப் பக்கத்து ஆள். சர்க்கார் வேலைகளை எடுத்துச் செய்து, கோட்டைக்கு வெளியே மாடி வீடும் குதிரை வண்டியுமாக இருந்தவன். அவன் கட்டிய ஒரு பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் முதல் மழைக்கே விழுந்தது. நல்ல வேளை, குழந்தைகள் யாரும் பக்கத்தில் இல்லை. சுண்ணாம்பைக் குறைத்து மணலைக் கூட்டினார்கள் என்று பேப்பர் மாமா எழுதினார். கலவை போட்ட கொத்தனார்களில் ஒருவன்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். எந்தக் கொத்தன் என்று கேட்டுக் கான்ட்ராக்டர் ஆள் அனுப்பினான். வாழைக்குலை அனுப்பினான், திரும்பி வந்தது. கடைசியில் அவனே வந்து வாசலில் நின்று நயமாகக் கேட்டான். மாமா மழையைப் பற்றிப் பேசி அனுப்பிவிட்டார்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பழவங்காடிப் பிள்ளையார் கோவில் முன்னால். தேங்காய் உடைக்க வருகிறவர்களும் கடைக்காரர்களுமாக எப்போதும் கூட்டம் இருக்கிற இடம். மாமா தேங்காயை உடைத்துவிட்டுத் திரும்பினார். எதிரே கான்ட்ராக்டர்.

"இவன் பத்திரிகைக்காரன்னு சொல்லிட்டு நடக்கான். நம்பாதீங்க. போலீஸுக்கு ஆளாக்கும். பகல்ல நம்ம வீட்ல வந்து கேக்கான், ராத்திரி அங்க போய்ச் சொல்லுகான். அந்தப் பிள்ளைகளைப் பிடிச்சுக் குடுத்தது வேற ஆரு?"

சாதாரணக் காலமாக இருந்தால் குடிகாரன் பேச்சு என்று போயிருக்கும். அது திவான் ஆட்சிக்குப் பதில் ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பாட்சி வேண்டும் என்று காலேஜ் பையன்கள் ஊர்வலம் போன சமயம். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு வீட்டு மச்சில் ஒளிந்திருந்த பையன்களைப் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது. யார் காட்டிக் கொடுத்தார்கள் என்று ஊரே விரலை நீட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தது. இவன் ஆளைக் காட்டிவிட்டான்.

மாமா பதில் பேசவில்லை. குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பேசாததே குற்றத்தை ஒப்புக்கொண்டது என்று பாதிப் பேர் நினைத்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எங்கள் தெருவில் நேர்மாறாக நடந்தது. அவரைக் கண்டதும் ஊர் வாயை மூடிக்கொண்டது. அதுதான் அவரைக் கொன்றது.

யாரும் அவரை அவமரியாதையாக நடத்தவில்லை, அதையும் சொல்ல வேண்டும். எதிரே வந்தால் கும்பிட்டார்கள். சௌக்கியமா என்றார்கள். ஆனால் ஆபீஸ் விஷயம் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர் வந்ததும் கோவில் உற்சவத்துக்குத் தாவினார்கள். அவரோடு தினம் சாயங்காலம் சீட்டாடும் சிரஸ்தார் மாமா, கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர், அவருக்குத் திடீரென்று கண் சரியாகத் தெரியாமல் போயிற்று. சீட்டு மட்டும்தான் தெரியவில்லை. என் மாமியார் அடை போடுவதை நிறுத்தினாள். மதராஸ் பத்திரிகையில் திருவனந்தபுரச் சேதி என்று கோவில் ஆராட்டும், மழையும், மாம்பழக் கண்காட்சியும் வர ஆரம்பித்தன. சேதி சொல்ல ஆள் இல்லாத நிருபர் வேறு எதை எழுதுவார்?

அதையும் பொறுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கோமதி விஷயம்தான் பொறுக்க முடியாமல் போயிற்று. கோமதி அவருடைய ஒரே பெண். கரமனையில் ஒரு ஹெட்கிளார்க், சர்க்கார் கச்சேரியில் வேலை, அவருடைய மூத்த பிள்ளைக்கு நிச்சயம் பண்ணுவதாகப் பேசி முடித்திருந்தார்கள். ஜாதகம் பார்த்து, பத்துப் பொருத்தத்தில் எட்டு தேறி, முகூர்த்த மாதம்கூடப் பேசியாயிற்று. கோமதி என்னிடம் வந்து ரவிக்கைக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள். பழவங்காடியில் அது நடந்த சில நாளில் ஹெட்கிளார்க் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: வேறொரு ஜோசியரிடம் காட்டினோம், ஜாதகம் பொருந்தவில்லை.

எங்கள் தெருக்களில் இது ஒரு வழக்கம். பெண் வேண்டாம் என்றால் காரணம் சொல்லக் கூடாது. பெண் கறுப்பு, வீட்டில் வியாதி, சீர் போதாது, எதுவாக இருந்தாலும் பழியைக் கிரகங்கள் தலையில் போட்டுவிட வேண்டும். அப்போதுதான் அந்தப் பெண்ணுக்கு வேறு இடம் பார்க்க முடியும். கேட்டுக்கொள்கிறவர்களும் எந்தக் கிரகம் என்று கேட்கக் கூடாது. இரண்டு பக்கத்துக்கும் நிஜம் தெரியும், இரண்டு பக்கமும் பொய்யைக் கையில் வாங்கிக்கொண்டு மரியாதையாகப் பிரிந்துவிடுவார்கள். நல்ல வழக்கம் என்றுதான் நானும் அப்போது நினைத்தேன்.

பேப்பர் மாமா மறுநாள் என் வீட்டுக்காரரைத் தேடி வந்தார். என் வீட்டுக்காரர் வக்கீல். கோட்டு நன்றாக இருக்கும், கட்சிக்காரர்கள்தான் குறைவு. நான் காபி கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். பெண்கள் சட்டம் படித்தது அந்தக் காலத்தில் கதவுக்குப் பின்னாலிருந்துதான்.

பலர் நடுவில் திட்டினால் அது அவதூறா என்று மாமா கேட்டார். நாய், கழுதை என்றால் வெறும் வசவு, அதற்குக் கோர்ட்டில் இடமில்லை என்றார் என் வீட்டுக்காரர். செய்யாத இழிவான காரியத்தைச் செய்தான் என்று நாலு பேர் கேட்கச் சொன்னால்தான் அவதூறு. அதிலும் எழுதி அச்சடித்திருந்தால் அதுவே போதும். வாயால் சொன்னது என்றால், அதனால் இன்ன நஷ்டம் வந்தது என்று காட்டச் சொல்லும் ஜட்ஜுகள் உண்டு, நமக்கு வாய்த்திருப்பவர் அந்த ரகம். அச்சிலேயே காலம் தள்ளிய மனுஷருக்கு வாய் வார்த்தையால் கேடு வந்தது, அதற்குத் தனிச் சட்டம்.

இதற்குச் சுலபமான வழி இருக்கிறது என்றும் என் வீட்டுக்காரர் சொன்னார். இத்தனை வருஷமாக இவரிடம் ரகசியம் சொன்னவர்களில் பத்துப் பேரைக் கூண்டில் ஏற்றி, சொன்னது எதுவும் வெளியே போகவில்லை என்று சொல்ல வைத்தால் கான்ட்ராக்டர் வாயடைத்துப் போவான். வாயால் சொல்லாவிட்டாலும் அந்தப் பத்தில் நானும் ஒருத்தி என்று அவருக்குத் தெரியாது.

மாமா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அவா பேரை நான் கோர்ட்லே சொன்னா, அவன் என்னைப் பத்திச் சொன்னது நிஜமாயிடுமே."

வேறு என்னதான் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் கேட்டபோது, கோமதி இருக்கிறாள் என்றார். நிச்சயித்த கல்யாணம் ஒரு வாய் வார்த்தையால் நின்றுபோனால் அதைவிடப் பெரிய நஷ்டம் எது? ஹெட்கிளார்க்கைச் சாட்சிக்குக் கூப்பிடுவது என்று தீர்மானமாயிற்று. என் வீட்டுக்காரரே கரமனைக்குப் போய்ப் பார்த்தார். ஹெட்கிளார்க் பயபக்தியுள்ள மனுஷர். சத்தியம் பண்ணிவிட்டு உள்ளதைத்தானே சொல்ல முடியும் என்றார். என் வீட்டுக்காரர் சந்தோஷமாகத் திரும்பி வந்து இரண்டாவது காபி கேட்டார்.

கோர்ட்டுக்கு நான் போகவில்லை, எங்கள் தெருப் பெண்கள் யாரும் போகிற வழக்கமில்லை. நடந்ததை என் வீட்டுக்காரர் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சொன்னார். கான்ட்ராக்டர் அப்படிச் சொன்னதற்குச் சாட்சி ஏராளம், அவனே மறுக்கவில்லை. கோபத்தில் வைதேன் என்றுதான் சொன்னான். அப்புறம் நம் கட்சிக்குச் சிரஸ்தார் மாமா ஏறினார். அந்தப் பேச்சுக்குப் பிறகு ஊரில் இவர் மதிப்பு எப்படி என்று கேட்டார் என் வீட்டுக்காரர். குறைந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தினம் சீட்டாடினவரை மாதக்கணக்காக ஒதுக்கி வைத்த மனுஷர், கண் கலங்கக் கைகூப்பிக்கொண்டு, "என் மனசிலே அவர் மேலே உள்ள மதிப்பு எள்ளளவும் குறையலை. குறையவும் குறையாது" என்றாராம். சிநேகிதனைப் பற்றி நாலு பேர் முன்னால் மட்டமாகப் பேசலாமா? அதுவும் சிநேகிதன் எதிரிலேயே? குறையலை என்பதுதான் அவருக்கு மரியாதையாகத் தெரிந்தது. எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து குறுக்கு விசாரணை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தானாம்.

அடுத்தது ஹெட்கிளார்க். பத்மநாபசுவாமி பேரில் சத்தியம் பண்ணினார். கல்யாணம் ஏன் நின்றது? ஜாதகம் பொருந்தவில்லை. என் வீட்டுக்காரர் இப்படித் திருப்பிக் கேட்டார், அப்படித் திருப்பிக் கேட்டார். அந்தப் பேச்சு காதில் விழுந்ததா? விழுந்தது. அதற்குப் பிறகுதானே ஜாதகத்தை வேறு ஜோசியரிடம் காட்டினீர்கள்? ஆமாம். அப்படியானால் உண்மைக் காரணம்? ஜாதகம். அந்த மனுஷர் அசையவில்லை. கல்யாணமாகாத பெண் ஒருத்தியின் பேரைக் கோர்ட்டில் இழுப்பானேன், அவளைக் கரையேற்ற இந்தக் காரணம்தானே உதவும் என்று அவருக்கு நினைப்பு. புண்ணியம் பண்ணுவதாகவே நினைத்திருக்கிறார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

ஜட்ஜ் தீர்ப்புச் சொன்னார். பேசிய பேச்சு கேவலமானது. ஆனாலும் வாதியின் மதிப்பு கொஞ்சமும் குறையவில்லை என்று அவருடைய சாட்சியே கண்ணீரோடு சொல்கிறார். கல்யாணம் நின்றதற்குக் காரணம் கிரக நிலை, பிரதிவாதி அல்ல. ஆகவே நஷ்டம் இல்லை, வழக்கு தள்ளுபடி.

தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். கோர்ட்டே சொல்லிவிட்டதே, உம்ம பேர் பத்தரை மாற்றுத் தங்கம் என்று வழியில் நிறுத்திச் சொன்னார்கள். சொல்லிவிட்டு அவசரமாகப் போனார்கள். கான்ட்ராக்டருக்கு அதைவிடச் சந்தோஷம். நான் சொன்னதால் ஒருத்தனுக்கும் ஒன்றும் குறையாதாம், கோர்ட் தீர்ப்பு என்று அதே பழவங்காடியில் நின்று அதே வார்த்தைகளை இன்னொரு தரம் சொன்னான். பேர் கெட்டவனை அப்படிச் சொல்லியிருந்தால்கூடச் சட்டம் ஏதாவது யோசித்திருக்கும். நல்ல பேர் எடுத்தவனை யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் சொல்லலாம் என்று ஆகிவிட்டது. கூட்டத்தில் இருந்தவர்கள் இந்தத் தடவை சிரித்தார்களாம். தீர்ப்புச் சேதியை மதராஸுக்கு அனுப்ப வேண்டியதும் பேப்பர் மாமாவின் வேலைதானே. அவரே எழுதி அனுப்பினார். வாதி இன்னார் என்று தன் பேரையும், வழக்கு தள்ளுபடி என்பதையும் போட்டு, வேறு எதுவும் சேர்க்காமல்.

கோமதியைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மனசு வராது. கோர்ட்டில் சத்தியம் பண்ணிச் சொன்ன தோஷ ஜாதகம் என்று அது ஊர் முழுவதும் பிரசித்தமாகிவிட்டது. பிற்பாடு கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு இரண்டாம் தாரத்துக்குக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு அவள் அப்பா வயசு. ஜாதகம் பார்க்கவில்லை.

தீர்ப்பான அன்று சாயங்காலம் பேப்பர் மாமா எங்கள் வீட்டில்தான் இருந்தார். மேல் கோர்ட்டுக்குப் போகலாமா என்று பேச வந்தவர். என் வீட்டுக்காரர் குளத்துக்குக் குளிக்கப் போயிருந்தார். மாமா கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, அவர் வீட்டில் விசாரித்துக்கொண்டு ஹெட்கிளார்க் வந்து சேர்ந்தார். நான் காபியை வைத்துவிட்டு உள்ளே வந்தேன். எங்கே நின்றேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஹெட்கிளார்க்கின் குரலில் நிஜமாகவே நிம்மதி இருந்தது. பேருக்கு ஒரு குந்தகமும் இல்லை என்று கோர்ட்டே சொல்லியாயிற்று, வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கிறது என்றார். மற்றவர்களுக்காக ஊரெல்லாம் கேள்வி கேட்ட மாமா, தனக்காக ஒரு கேள்வி கேட்டு நான் அறிந்ததில்லை. அன்றைக்குக் கேட்டார்.

"அப்படின்னா, கொழந்தை ஜாதகத்தை இன்னொரு ஜோசியர்கிட்டே காட்டலாமோ?"

"அதெப்படி ஓய்?" என்றார் ஹெட்கிளார்க். "பத்மநாபன் பேர்லே சத்தியம் பண்ணிப் பொருந்தலைன்னு சொல்லியாச்சே. இனிமே பொருந்தறதுன்னா நான் பொய்ச்சத்தியம் பண்ணினவனாயிடுவேனே."

அதோடு எழுந்து போயிருந்தாலும் பரவாயில்லை. வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உம்மகிட்டே சொல்றதுக்கென்ன. ஜாதகமெல்லாம் நன்னாத்தான் பொருந்தியிருந்தது. என் ரெண்டாவது பிள்ளை அந்த ஊர்வலத்துக்கெல்லாம் போறவனாக்கும். கான்ட்ராக்டர் சொன்னதைக் கேட்டதும் ஆத்துலே எல்லாருக்கும் பயம் பிடிச்சுடுத்து. அவ்வளவுதான். உம்மகிட்டே சொன்னா வெளியே போகாதுன்னு தெரியும், அதனாலே சொல்றேன்."

"போகாது" என்றார் மாமா.

எனக்கு அந்தக் காபி டம்ளரைப் பிடுங்கி அந்த மனுஷர் மூஞ்சியில் வீசலாம் போல இருந்தது. ரகசியத்தை வெளியே விடுகிறவன் என்று பயந்து பெண்ணை வேண்டாம் என்றவர், ரகசியத்தை வெளியே விடமாட்டார் என்று நம்பி அதை அவரிடமே சொல்லிவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார். மாமாவும் எழுந்து, வக்கீல் வந்தால் நாளைக்கு வருவதாகச் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் ஈரத் துண்டோடு உள்ளே நுழைந்ததும் கேட்டதை அப்படியே சொன்னேன். அவர் துள்ளிக் குதித்தார். இது ஒன்று போதும், வழக்கை மறுபடி எடுக்க வைக்கலாம், மாமா ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் ஹெட்கிளார்க்கைத் திரும்பக் கூண்டில் ஏற்றிவிடலாம், பெண்ணுக்கும் ஒரு வழி பிறக்கும் என்றார். வேட்டி மாற்றக்கூட நிற்காமல் எதிர்வீட்டுக்கு ஓடினார். நான் வாசலிலேயே நின்றேன்.

சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"ஹெட்கிளார்க் அப்படி ஒண்ணும் சொல்லலையாம். ஜாதகம் பொருந்தலைன்னுதான் இன்னிக்கும் சொன்னாராம். நீ கதவுக்குப் பின்னாலே நின்னுண்டு அரையும் குறையுமாக் கேட்டுட்டு என்னைப் போய் அசடு வழிய வெச்சுட்டியே" என்றார்.

பேப்பர் மாமா பொய் சொன்னது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.